வீட்டு யன்னலில் வர்ணக் கண்ணாடி

துறைமுகத்தை அண்டிய நமது பழைய தெருக்களில் ஒரு வீடு இடிபடப் போகிறது என்றால், ஓட்டுக்கும் கல்லுக்கும் முன்னே விலை பேசப்படுவது கதவும் நிலையுமே. முதிரையிலும் பாலையிலும் செய்த அந்த நிலைகள் சிலவற்றின் மேற்பாகத்தில், அரைவட்டமாகவோ நீள்சதுரமாகவோ, சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகச் சிறு கண்ணாடிகள் பதித்திருக்கும். தச்சர்கள் இதனைப் 'பான்லைட்' என்பார்கள். வெளியூர் வியாபாரி லொறியோடு வந்து நிலையோடு சேர்த்து அதையும் ஏற்றிக்கொண்டு போகிறார். பிறகு எங்கோ ஒரு ஹோட்டலின் முன் மண்டபத்தில் அது நிற்கும். விற்ற குடும்பம் அந்தப் பணத்தில் அலுமினிய யன்னல் போடுகிறது. அந்த யன்னலின் மேல் கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் தாள் ஒன்றை ஒட்டுகிறது. அந்தத் தாளில் அச்சிட்டிருப்பது என்ன தெரியுமா? ஐரோப்பியப் பேராலயம் ஒன்றின் வர்ணக் கண்ணாடி!

குறை சொல்ல இதை எழுதவில்லை. இடம்பெயர்ந்து, 2004ஆம் ஆண்டுக் கடற்கோளையும் கண்டு, மீண்டும் கல்மேல் கல் வைத்து வீடு எழுப்பிய குடும்பங்கள் இங்கே பல. நான்கு சுவர் எழும்பிய பின் அதை அழகாக்க வேண்டும் என்ற ஆசை எழுவது நல்ல ஆசைதான். "கோவில் யன்னல்போல ஒன்று செப மூலையில் வைக்கலாமா, சுவாமி?" என்று புதிதாக வீடு கட்டுவோர் கேட்பதும் உண்டு. வைக்கலாம். ஆனால் கோவில் யன்னல் என்றால் என்ன, அது எதற்காக உண்டாயிற்று, அதிலிருந்து வீட்டுக்கு எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்று தெரிந்து வைத்தால் காசும் மிஞ்சும், வீடும் அழகு பெறும். அதுவே இவ்வார நமது பாடம்.

இரு துறவிகளின் வழக்கு

பிரான்சு நாட்டிலே 12ஆம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் வாழ்ந்த இரு பெரிய துறவிகள் இந்த விடயத்தில் இரண்டு பக்கம் நின்றார்கள். ஒருவர் பாரிசு நகருக்கு அருகிலிருந்த சான் டெனி மடத்தின் அதிபர் சூஜேர். மற்றவர் கிளேர்வோ மடத்தின் அதிபரான புனித பெர்னார்ட்.

சூஜேர் தமது மடாலயத்தின் பீடப் பகுதியைப் புதிதாகக் கட்டி, 1144ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அபிஷேகம் செய்வித்தார். கனத்த சுவர்களைக் குறைத்து, அவற்றின் இடத்தில் உயர்ந்த யன்னல்களை வைத்து, வர்ணக் கண்ணாடிகளால் நிரப்பினார். திருவெளிப்பாட்டு நூலின் 21ஆம் அதிகாரத்தில், புதிய யெருசலேமின் மதில் அடித்தளங்கள் பன்னிரு வகை மணிக்கற்களால் அலங்கரிக்கப்பட்டிருப்பதாக வாசிக்கிறோம் அல்லவா? மணிக்கற்களிலும் கண்ணாடியிலும் ஒளிரும் அழகைப் பார்க்கும் மனம் அதைப் படைத்தவரிடம் உயர்கிறது என்பது சூஜேரின் எண்ணம். 'கோதிக்' என்று நாம் பெயர் கேட்டிருக்கும் கட்டடக் கலை அங்கிருந்தே தொடங்கியது என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

பெர்னார்டுக்கு இது பிடிக்கவில்லை. 1125ஆம் ஆண்டளவில் எழுதிய நூல் ஒன்றில், மடாலயச் சுவர்கள் மின்னிக்கொண்டிருக்க ஏழைகள் பசித்திருப்பதைக் கடுமையாகச் சாடினார். அவர் சேர்ந்திருந்த சிஸ்டேர்சியன் சபை, அந்த நூற்றாண்டிலேயே, தன் மடாலய யன்னல்களில் வெள்ளைக் கண்ணாடி மட்டுமே இருக்க வேண்டும், சிலுவையோ உருவமோ தீட்டக் கூடாது என்று சட்டம் செய்தது.

சட்டத்துக்குக் கீழ்ப்படிந்த துறவிகள் அழகைக் கைவிட்டார்களா? இல்லை. பிரான்சில் ஒபசீன் என்ற ஊரின் மடாலயத்தில் அக்கால யன்னல்கள் சில இன்னும் உள்ளன. வர்ணம் கிடையாது, உருவம் கிடையாது. நிறமற்ற கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயக் கோடுகளையே வளைத்து, பின்னி, ஒன்றன்கீழ் ஒன்று நுழைவதுபோலக் காட்டி முழு யன்னலையும் நிரப்பியிருக்கிறார்கள். அதன் படத்தைப் பார்க்கும் தமிழ்ப் பெண்மணி எவரும், "இது நம்முடைய சிக்குக் கோலமல்லவா!" என்றே சொல்வார். பொங்கலன்று முற்றத்தில் அரிசிமாவால் இழுக்கும் கோடு எப்படிப் புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடிகிறதோ, அவ்வாறே அங்கே ஈயக் கோடு ஓடுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுத் துறவிக்கும் நமது பாட்டிமாருக்கும் ஒரே எண்ணம் உதித்திருக்கிறது.

இந்த வழக்கில் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். திருச்சபை இருவரையும் ஏற்றுக்கொண்டது. 2ஆம் வத்திக்கான் சங்கமும் 1963ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு ஏட்டில் திருக்கலையைப் பற்றிப் பேசும்போது, வெறும் ஆடம்பரத்தை அன்று, மேன்மையான அழகையே நாட வேண்டும் என்ற கருத்தைத் தந்திருக்கிறது. என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், கோவிலுக்குச் சூஜேர் சரி. வீட்டுக்குப் பெர்னார்ட் சரி. அதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. கண்ணாடியின் இயல்பே அதற்குக் காரணம். அதை விளக்குகிறேன்.

இரவில் என்ன நடக்கிறது?

சுவரில் தொங்கும் படமும் யன்னலிலுள்ள படமும் ஒன்றல்ல. சுவரிலுள்ள படத்தின் மேல் ஒளி விழுந்து நமது கண்ணுக்குத் திரும்புகிறது. யன்னலிலோ ஒளி மறுபக்கத்திலிருந்து ஊடுருவி வருகிறது. ஆகவே எப்பக்கம் வெளிச்சமோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கே யன்னல் படம் தெரியும். பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே இருப்பவருக்கு அழகு. இரவில் உள்ளே விளக்கு, தெருவில் போகிறவருக்கு அழகு. உள்ளே இருப்பவர் காண்பது கறுத்த ஒரு பரப்பை மட்டுமே.

நமது குடும்பங்கள் கூடிச் செபமாலை சொல்வது எப்போது? கடலால் வந்தவர் குளித்து, பிள்ளைகள் பாடம் முடித்து, இரவு ஏழு மணி, எட்டு மணிக்கு. அந்த வேளையில், பெருஞ்செலவில் யன்னலில் பதித்த திருஇருதய ஆண்டவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்; முழந்தாளில் நிற்கும் குடும்பத்துக்கு முன்னே கரும்பலகைதான் இருக்கும்!

கோவிலில் இந்தச் சிக்கல் பெரிதில்லை. அங்கே திருப்பலி பெரும்பாலும் காலையில். அத்துடன் பீடமும் சுரூபங்களும் யன்னலைச் சாராமல் தனியே நிற்கின்றன. ஆகவே வீட்டிலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். படமும் சுரூபமும் சுவரோரத்தில், மாடத்தில் இருக்கட்டும். வர்ணக் கண்ணாடி பக்கத்து யன்னலிலோ கதவுக்கு மேலோ இருக்கட்டும். உருவம் வேண்டாம், வர்ணம் போதும். காலையில் அந்த வர்ணம் வந்து சுவரில் விழும், சுரூபத்தின் காலடியில் விழும். மாலையில் யன்னல் ஓய்வெடுக்கும், விளக்கு தன் வேலையைச் செய்யும்.

'வர்ணக் கண்ணாடி எழுத்தறியாதாரின் வேதாகமம்' என்று பலர் எழுதியிருப்பதை நீங்கள் படித்திருக்கலாம். ஏறக்குறைய 600ஆம் ஆண்டில் பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார், கோவிலிலிருந்த உருவங்களை உடைத்த மார்செய் நகர் ஆயருக்கு எழுதிய கடிதத்தில், எழுத்தறியாதார் படங்களைப் பார்த்துக் கற்கிறார்கள் என்று விளக்கினார். அவர் அங்கே பேசியது யன்னல் கண்ணாடியைப் பற்றியன்று, உருவங்களைப் பற்றி. பின்னாளில் அதை எல்லாரும் யன்னல்களுக்கும் பொருத்திச் சொன்னார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. பாரிசில் அரசர் புனித லூயி, ஆண்டவரின் முள்முடியை வைப்பதற்காகக் கட்டி 1248இல் அபிஷேகம் செய்வித்த சான்த் ஷபெல் என்ற சிறு ஆலயத்தில் 15 யன்னல்களில் 1,113 காட்சிகள் உண்டு. யன்னல்களின் உயரமோ சுமார் 15 மீற்றர். மேலே இருப்பதை எந்தக் கண் வாசிக்கும்? கற்றவரே தடுமாறுவர். அங்கே போகிறவர்கள் திகைத்து நிற்பது கதையை வாசித்ததால் அல்ல, ஒளியில் மூழ்கியதால்.

நீலத்தின் ஊர்

நமது திருகோணமலைப் பேராலயம் தேவதாய்க்கு அர்ப்பணிக்கப்பட்டது, 1852ஆம் ஆண்டுக்குரியது, நீல வர்ணம் பூண்டு நிற்பது. அதேபோலத் தேவதாயின் பேராலயம் ஒன்று பிரான்சில் ஷார்த்ரு என்னும் ஊரில் இருக்கிறது. அதுவும் நீலத்துக்குப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே நீலம் கண்ணாடியில். 1194ஆம் ஆண்டு அக்கோவில் தீப்பற்றி எரிந்தது. நெருப்புக்குத் தப்பியவற்றுள் ஒன்று, 1180ஆம் ஆண்டளவில் செய்த மரியன்னையின் கண்ணாடி. வெளிறிய நீல உடையில், மடியில் பாலனோடு வீற்றிருக்கும் அன்னை. கோவிலைத் திரும்பக் கட்டிய மக்கள் அந்தக் கண்ணாடியை எடுத்துப் புதிய யன்னலில் பொருத்தி, அதைச் சுற்றிப் புதிய துண்டுகளைச் சேர்த்தார்கள். பழையதை விற்கவில்லை, எறியவுமில்லை. புதிய வீட்டில் அதற்கு இடம் செய்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

அக்கால மக்கள் கண்ணாடியைக் கொண்டு தேவதாயின் கன்னிமையையும் விளக்கினார்கள். கதிரவனின் கதிர் கண்ணாடியை ஊடுருவிச் செல்கிறது. கண்ணாடி உடைவதில்லை, பழுதுபடுவதில்லை. அவ்வாறே தேவசுதன் கன்னிகையின் வயிற்றிலிருந்து பிறந்தார் என்பது பழைய மறையுரைகளில் அடிக்கடி வரும் உவமை. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் அம்மாமார் வீட்டு யன்னலைக் காட்டியே இதைச் சொல்லலாம்.

ஷார்த்ரு யன்னல்களைப் பற்றி இன்னொன்று. அவற்றில் பலவற்றின் அடிப்பாகத்தில் வேலை செய்யும் மக்கள் தெரிகிறார்கள்: அப்பம் சுடுபவர், சப்பாத்துத் தைப்பவர், தச்சர், மீன் விற்பவர். அந்தந்தத் தொழிலாளர் கொடுத்த காணிக்கையின் அடையாளம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மீன் விற்பவரின் யன்னல் ஒன்று உலகப் புகழ் பெற்ற பேராலயத்தில் இருக்கிறது என்று நமது கடற்கரைப் பங்கு மக்கள் அறிந்தால் மகிழ்வார்கள்.

1895 முதல் இந்த மறைமாவட்டத்தில் உழைத்த பிரெஞ்சு சேசுசபைக் குருக்கள் அச்சபையின் ஷம்பேன் மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். ஷம்பேன் நாட்டிலேதான் வர்ணக் கண்ணாடிக்குப் பேர்போன ரெய்ம்ஸ், த்ருவா ஆகிய நகரங்களும், நாம் மேலே கண்ட புனித பெர்னார்டின் கிளேர்வோ மடமும் உள்ளன. ரெய்ம்ஸ் பேராலயம் 1914 செப்டெம்பரில் குண்டு வீச்சில் எரிந்தது. பல கண்ணாடிகள் நொறுங்கின. அறுபது ஆண்டுகளின் பின், 1974இல், அதே பேராலயத்தில் மார்க் ஷகால் என்ற யூத ஓவியர் வரைந்த புதிய யன்னல்கள் பொருத்தப்பட்டன. அவையும் நீலம்.

கண்ணாடிக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

கண்ணாடி என்பது மணலும் சாம்பல் உப்பும் சுண்ணாம்பும் உருகிச் சேர்ந்த பொருள். தியோபிலஸ் என்ற குருத்துவத் துறவி 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைத்தொழில்களைப் பற்றி மூன்று பாகமாக ஒரு நூல் எழுதினார். அதில் இரண்டாம் பாகம் முழுவதும் கண்ணாடி. மரச் சாம்பலோடு மணலைக் கலந்து உருக்குவது, சுண்ணாம்பு பூசிய பலகையில் யன்னலின் மாதிரியை வரைவது, காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளப்பது, முகத்தின் கோடுகளைத் தீட்டிச் சூளையில் சுடுவது, ஈயப் பட்டியால் இணைப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருகிறார். இன்றும் வேலை பெரும்பாலும் அவ்வாறே நடக்கிறது.

நிறம் தருபவை உலோகங்கள். கோபால்ட் சேர்ந்தால் நீலம். செம்பு சேர்ந்தால், சூளையின் காற்றைப் பொறுத்து, பச்சை அல்லது சிவப்பு. மங்கனீசு ஊதா. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளி உப்பைப் பூசிச் சுட்டு மஞ்சள் பெறக் கற்றார்கள். இரும்பு பச்சை சாயலைத் தரும். உங்கள் வீட்டுச் சாதாரண யன்னல் கண்ணாடியை விளிம்புப் பக்கமாகப் பாருங்கள், பச்சையாகத் தெரியும். மணலிலிருந்த சிறிதளவு இரும்பின் வேலை அது. நமது புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இரும்பும் டைட்டேனியமும் கலந்த இல்மனைட் நிறைய உண்டு. அந்த மணலை உருக்கித் தெளிந்த கண்ணாடி செய்ய முடியாது.

இந்தப் பாடத்தில் ஒரு பயன் உண்டு. நிறம் கண்ணாடியின் உடலிலேயே கலந்திருப்பதால் வெயிலுக்கு வெளிறாது. ஷார்த்ரு நீலம் எண்ணூறு ஆண்டுகளாக நீலமாகவே இருக்கிறது. பிளாஸ்ரிக் தாளின் சாயமோ நமது வெயிலில் சில ஆண்டுகளுக்குள் வெளுத்து, ஓரம் சுருண்டு, நடுவே கொப்புளம் போடும். கடையில் வர்ணக் கண்ணாடி வாங்கும்போது விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். விளிம்பு முழுவதும் நிறம் இருந்தால் நல்லது. மேலே பூசிய பெயின்ற் என்றால் நகத்தால் சுரண்டும்போதோ ஓரத்திலோ பெயரும். ஆனால் சிவப்புக் கண்ணாடியில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். விளிம்பில் பெரும்பகுதி வெள்ளையும் ஒரு பக்கம் மெல்லிய சிவப்புப் படையும் தெரிந்தால் அது ஏமாற்று அன்று. முழுத் தடிப்பும் சிவப்பாயிருந்தால் ஒளியே புகாது என்பதால், பேராலயக் கண்ணாடிகளிலும் சிவப்பை மெல்லிய படையாகவே செய்தார்கள்.

நமது வீட்டில் எப்படி?

முதலில் சூரியனைக் கவனியுங்கள், பிறகு கடைக்குப் போங்கள். ஷார்த்ரு வடக்கே 48 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் சாய்ந்தே செல்லும், நாள் முழுவதும் யன்னலுக்குள் ஒளி விழும். நாமோ எட்டரைப் பாகையில் இருக்கிறோம். நண்பகற் சூரியன் நமது தலைக்கு மேல். கூரைத் தாழ்வாரம் அதை மறைத்துவிடும். ஆகவே நம் வீட்டுக்குள் வர்ணம் விழுவது காலையிலும் பிற்பகல் சரிந்த பின்னும்தான். கிழக்கு யன்னலில் வைத்தால் காலைச் செபத்தின் நேரத்தில் வர்ணம் உங்களிடம் வரும். மேற்கில் வைத்தால் மூன்று மணிக்குப் பின் வெப்பமும் கூடவே வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது தொல்லை. சூரியன் உதிக்கும் இடமும் ஆனியிலிருந்து மார்கழிக்குள் ஏறக்குறைய 47 பாகை வடக்கிலிருந்து தெற்கே நகரும். எனவே சுரூபத்தின் மேல் வர்ணம் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று எதிர்பாராதீர்கள். பெருநாளுக்குப் பெருநாள் அது இடம் மாறுவதைப் பிள்ளைகள் சுவரில் பென்சிலால் குறித்து வைக்கலாம். தகப்பனார் சம்மதித்தால்!

வர்ணம் விழும் இடமும் முக்கியம். வெள்ளைச் சுவரும் வெளிறிய தரையும் எல்லா நிறத்தையும் ஏற்கும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை மஞ்சளையும் சிவப்பையும் அழகாகக் காட்டும். நீலமும் பச்சையும் அதில் விழுந்தால் கறுத்துப்போகும். அத்தகைய தரையுள்ளவர்கள் நீலத்தைச் சுவரில் விழும்படி உயரத்தில் வைக்க வேண்டும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ், 1951இல் திறக்கப்பட்ட, வான்ஸ் என்ற ஊரின் தொமினிக்கன் கன்னியர் சிற்றாலயத்துக்கு யன்னல் செய்தபோது நீலம், பச்சை, மஞ்சள் என மூன்றே நிறங்களைப் பயன்படுத்தினார். இலை வடிவங்கள் மட்டும், உருவங்கள் இல்லை. சுவரும் தரையும் வெள்ளை. அதில் மஞ்சளை மட்டும் ஊடுருவிப் பார்க்க முடியாதவாறு மங்கலாக்கினார். கிழவராய், நோயாளியாய் இருந்து அவர் கண்ட முறை அது. நமக்கும் மூன்று நிறம் போதும். அதற்கு மேல் போனால் செப மூலை பலூன் கடை ஆகிவிடும்.

எவ்வளவு பெரிதாக? யன்னல் முழுவதும் வேண்டாம். முழுவதும் மூடினால் வீட்டில் பகலிலும் விளக்கு வேண்டியிருக்கும், காற்றும் வராது. நமது முன்னோர் செய்ததே சரி: திறக்கும் கதவுகள் கீழே, வர்ணக் கண்ணாடி மேலே, அதற்கும் மேலே காற்றுக்கு மரப் பின்னல். செட்டிநாட்டு வீடுகளிலும் வளைவின் மேற்பாகத்தில்தான் வர்ணக் கண்ணாடி வைத்தார்கள். வெப்ப நாட்டார் கண்ட வழி அது. நமது ஒளி கூசும் ஒளியாதலால் வெளிறிய நிறத்தைவிட ஆழ்ந்த நிறமே கண்ணுக்கு இதம். சிறிய துண்டாக, ஆழ்ந்த நிறமாக வையுங்கள். நீலம் தன் எல்லையை மீறிப் பரவித் தோன்றும் இயல்புடையது. பக்கத்தில் வெள்ளையோ மஞ்சளோ இல்லாவிட்டால் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பொழுது சாயும்போது முதலில் கறுப்பது சிவப்பு, கடைசிவரை மிஞ்சுவது நீலம்.

ஈயப் பட்டி வேலையை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்பேன். ஈயம் நஞ்சு. அதன் தூளும் பற்றவைக்கும் புகையும் சிறு பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு விளைவிக்கும். பேராலயங்களில் ஈயம் தேவைப்பட்டது, அக்காலத்தில் சிறு கண்ணாடியே கிடைத்ததாலும் வளைந்த துண்டுகளை இணைக்க வேண்டியிருந்ததாலும். நமது பான்லைட்டில் தச்சர் மரச் சட்டத்தையே கோடாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறக் கண்ணாடி வைத்து, புட்டியும் மரச் சலாகையும் கொண்டு இறுக்கினார். அதற்கு ஊரிலுள்ள எந்த நல்ல தச்சரும் போதும். கோலப் புத்தகத்திலிருந்து நேர்கோட்டுக் கோலம் ஒன்றைத் தெரிந்து கொடுங்கள். அவர் சட்டம் அடித்துத் தருவார். கடற்காற்று இரும்பாணியைத் தின்றுவிடும். பித்தளை ஆணி கேளுங்கள். வாடைக் காற்றில் மழை பக்கவாட்டாக அடிக்கும் என்பதால் புட்டி வெளிப்பக்கம் இருக்கட்டும். கதவுக்கு மேலே வைப்பதானால் நன்றாக இறுகியிருக்கிறதா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். கதவை அடித்துச் சாத்தும் வீடுகளில் இரு முறை.

அதற்கும் வசதியில்லையா? போத்தல்களின் அடிப்பாகத்தைச் சீமெந்தில் பதித்து, சுவரின் உயரத்தில் ஒளித் துளைகள் செய்யலாம். பச்சைப் போத்தலும் மண்ணிறப் போத்தலும் எங்கும் கிடைக்கும். சாராயப் போத்தல் செப மூலைக்கு வரலாமா என்று கேட்கிறவர்களுக்கு: கழுவிப் பதித்தால் வரலாம். சுவருக்குள் போன போத்தலை யாரும் திரும்ப நிரப்ப முடியாது என்பது கூடுதல் நன்மை.

பழைய கண்ணாடி கையில் இருந்தால்

இனி, மேலே நினைவில் வைக்கச் சொன்ன விடயம். உங்கள் வீட்டில், அல்லது பெற்றோரின் வீட்டில், பழைய பான்லைட் ஒன்று இருந்தால் அதை வியாபாரியிடம் கொடுக்கும் முன் ஷார்த்ரு மக்களை நினையுங்கள். நிலை முழுவதையும் வைத்திருக்க இடமில்லாமல் போகலாம். பண நெருக்கடியும் இருக்கலாம். மரத்தை விற்றாலும் கண்ணாடிகளை எடுத்து வையுங்கள். எட்டுக் கண்ணாடி போதும், புதிய வீட்டின் சிறு யன்னல் ஒன்றுக்கு. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் திரும்பி வரும்போது, அம்மம்மா வீட்டில் காலையில் தரையில் விழுந்த அதே பச்சையும் சிவப்பும் புதிய வீட்டுத் தரையிலும் விழும். கடையில் அதை வாங்க முடியாது.

எடுப்பதற்கு முன் முழு நிலையையும் படம் பிடித்து, எந்தக் கட்டத்தில் எந்த நிறம் என்று தாளில் குறித்து, ஒவ்வொரு கண்ணாடியிலும் சிறு தாள் ஒட்டி இலக்கமிடுங்கள். பழைய புட்டி கல்லாய் இறுகியிருக்கும். நெம்பினால் கண்ணாடி வெடிக்கும். சலாகையை முதலில் கழற்றி, புட்டியில் எண்ணெய் தடவி ஊறவிட்டு, உளியின் நுனியால் மெல்ல மெல்லச் சீவி எடுக்க வேண்டும். மரத்தில் பழைய பெயின்ற் இருந்தால் அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உரசித் தூள் கிளப்பாமல் ஈரத் துணியால் துடைத்து, பிள்ளைகளைத் தூர வைத்து வேலை செய்யுங்கள். கழுவுவதற்கு வெறும் நீரும் சிறிது சவர்க்காரமும் போதும். அமிலம் வேண்டவே வேண்டாம். கழுவிய கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து அடுக்கினால் அடியிலுள்ளது உடையும். ஒவ்வொன்றையும் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி (இந்தப் பத்திரிகையானாலும் குறையில்லை) மரப்பெட்டிக்குள் புத்தகங்களைப் போல நிமிர்த்தி வையுங்கள்.